கதிர்வீச்சைத் தாங்கும் ஒளி ஊடுருவும் செராமிக்: மணி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கதிர்வீச்சைத் தாங்கக்கூடிய, ஒளி ஊடுருவும், நுண்மணி செராமிக்கை (மணி என்றால் செராமிக்கில் ஒட்டியிருக்கும் சின்னப் படிகம்) எப்படிச் செய்கிறார்கள்? மணி சிறிதாகச் சிறிதாகத் தாங்கும் சக்தி கூடும் என்கிறார்களே, அது சரியா? கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க வழி உண்டா?

மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "கதிர்வீச்சைத் தாங்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, பொருள் வீங்காமல், விரிசல் விடாமல், படிக ஒழுங்கு குலையாமல் இருப்பது. இன்னொன்று, நிறம் மாறாமல், தெளிவு கெடாமல் இருப்பது. முதலாவதில் கெட்டிக்காரப் பொருள் இரண்டாவதில் சுமாராக இருக்கலாம். மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடான ஸ்பைனல் அந்த ரகம்தான். மணிகள் ஒன்றையொன்று தொடும் மணி எல்லைகள் முதலாவதற்கு உதவும், இரண்டாவதற்கு அநேகமாக உதவாது. இதைப் பிரிக்காமல் படித்தால் ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மறுப்பது போலத் தெரியும்.

முதலில் ஒளி. சாதாரண செராமிக் ஏன் வெள்ளையாக இருக்கிறது? கல்கண்டை இடித்தால் வெள்ளைப் பொடியாகிவிடுகிறது அல்லவா, அதே காரணம்தான். பொருள் தெளிவானதுதான், ஆனால் ஒளி திடத்திலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து திடத்துக்கும் மாறி மாறிப் போகும் ஒவ்வொரு இடத்திலும் சிதறுகிறது. செராமிக்குக்குள் அந்தக் காற்று, நுண்துளைகளாக உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு துளை இருந்தால் கெடும் என்று தோராயமாகக் கணக்கிட்டால் திகைப்பாக இருக்கும். 200 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகள் கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பைனல் தட்டில் நேராக வரும் ஒளி ஏறக்குறைய காலி. பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேல் வரும். ஆனால் நான்கு மில்லிமீட்டர் தட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மற்ற துறைகளில் 99.9 சதவீத அடர்த்தி என்றால் கைதட்டுவார்கள். இங்கே அது தோல்வி.

இரண்டாவது தடை மணிகள். செராமிக் என்பது கோடிக்கணக்கான சின்னப் படிகங்கள் ஒட்டிய திரள். ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு திசையில் திரும்பியிருக்கும். அலுமினா போன்ற பொருளில் ஒளிவிலகல் எண் திசைக்குத் திசை கொஞ்சம் மாறும். அதனால் துளையே இல்லாவிட்டாலும், மணிக்கு மணி தாண்டும்போது ஒளி சற்றுச் சற்று விலகும். கனசதுர அமைப்புள்ள படிகங்களில் இந்தத் தொல்லை கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எண் ஒன்றுதான். மெக்னீசியம் அலுமினேட் ஸ்பைனல், இட்ரியம் அலுமினியம் கார்னெட், இட்ரியா எல்லாம் இந்தக் குடும்பம். ஸ்பைனலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.72. இரண்டு பரப்புகளில் பிரதிபலித்துப் போவதைக் கழித்தால், குறையே இல்லாத தட்டுக்கும் உச்ச வரம்பு 87 சதவீதம்தான். பூச்சு எதுவும் பூசாமல் 90 சதவீதம் வந்தது என்று யாராவது சொன்னால், அளவுக் கருவியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கனசதுர அமைப்புக்குக் கதிர்வீச்சிலும் ஒரு லாபம் உண்டு. நியூட்ரான் பட்டு வீங்கும்போது அலுமினா எல்லாத் திசையிலும் ஒரே அளவு வீங்குவதில்லை. பக்கத்துப் பக்கத்து மணிகள் வெவ்வேறு திசையில் நெருக்கிக்கொண்டு எல்லைகளில் நுண்விரிசல் விடும். மணி பெரிதாக இருந்தால் இந்த விரிசல் சீக்கிரம் வரும். கனசதுரப் படிகத்தில் இந்தச் சண்டையே இல்லை.

இந்தத் துறையின் ஆரம்பம் ஒரு தெருவிளக்கு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் கோபிள் என்பவர் 1950களின் கடைசியில் அலுமினாவில் கால் சதவீத அளவு மெக்னீசியா சேர்த்துச் சுட்டார். ஒளி கசியும் அலுமினா கிடைத்தது. லூகலாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். எல்.இ.டி. வருவதற்கு முன் நம் ஊர்த் தெருக்களில் மஞ்சளாக எரிந்த உயரழுத்த சோடியம் விளக்குகளுக்குள் இருந்த சின்னக் குழாய் இந்த வகை அலுமினாதான். சூடான சோடியம் ஆவியை சாதாரணக் கண்ணாடியால் தாங்க முடியாது. அந்தக் கால் சதவீதம் மெக்னீசியா என்ன செய்தது என்பதில்தான் நம் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

சுடும்போது துளைகள் எங்கே போகின்றன? துளை என்பது அணுக்கள் இல்லாத காலியிடங்களின் கூட்டம். அந்தக் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து மணி எல்லைக்குப் போய்ச் சேர்ந்தால் துளை சுருங்கும். எல்லைதான் வடிகால். துளை எல்லையில் உட்கார்ந்திருக்கும் வரை கவலையில்லை, சுருங்கி மறைந்துவிடும். ஆனால் வெப்பம் கூடும்போது மணிகளும் வளரும், எல்லைகள் நகரும். எல்லை வேகமாக நகர்ந்து துளையைத் தாண்டிப் போய்விட்டால் துளை மணிக்குள் மாட்டிக்கொள்ளும். அப்புறம் அதற்கு வெளியே வர வழியில்லை. எத்தனை மணி நேரம் சுட்டாலும் அங்கேயே கிடக்கும். மெக்னீசியா எல்லைகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, துளைகள் எல்லையை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொண்டது.

இப்போது கதிர்வீச்சுப் பக்கம் வருவோம். வேகமான நியூட்ரான் ஒன்று படிகத்துக்குள் புகுந்து ஓர் அணுவை இடித்துத் தள்ளுகிறது. டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற கன ஹைட்ரஜன்களின் அணுக்கரு இணைவில் வரும் நியூட்ரானின் ஆற்றல் சுமார் 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஆக்சைடுகளில் ஓர் அணுவை அதன் இடத்தைவிட்டுப் பெயர்க்க சில பத்து எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே முதல் அடி வாங்கிய அணு பலவற்றை இடிக்கும், அவை இன்னும் பலவற்றை இடிக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு விஷயம் மிஞ்சும்: அணு போன இடத்தில் ஒரு காலியிடம், படிக வரிசைக்கு நடுவே எங்கோ போய்ச் செருகிக்கொண்ட ஓர் அணு. இவை இரண்டும் திரும்பச் சந்தித்தால் பிரச்சினை தீர்ந்தது. சந்திக்காமல் செருகிய அணுக்கள் தனியே கூடினால் வளையங்களாகும், காலியிடங்கள் தனியே கூடினால் குழிகளாகும், பொருள் வீங்கும்.

மணி எல்லை இங்கேயும் வடிகால்தான். இரண்டு வகைப் பழுதும் அதில் போய் மறையும். கதிர்வீச்சு பட்ட ஸ்பைனலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மணியின் நடுவே பழுதுகள் புள்ளி புள்ளியாக நிறைந்திருக்கும். எல்லையை ஒட்டி மட்டும் சுத்தமான ஒரு பட்டை தெரியும். பழுது எல்லையைத் தேடிப் போக வேண்டிய தூரம் குறைந்தால் நல்லது. 10 மைக்ரான் மணியில் நடுவிலிருந்து எல்லைக்கு 5 மைக்ரான். அரை மைக்ரான் மணியில் கால் மைக்ரான். தூரம் இருபதில் ஒரு பங்கு. ஆனால் அலைந்து திரிந்து போய்ச் சேரும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக நானூறில் ஒரு பங்கு. சூளையில் துளையை வெளியேற்றிய அதே வடிகால் அணு உலைக்குள் பழுதையும் வெளியேற்றுகிறது. இரண்டு இடத்திலும் எதிரி ஒன்றுதான்: மணி வளர்ச்சி. செய்முறையில் வரும் ஒவ்வொரு முடிவையும் இதை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

ஸ்பைனலைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எல்லைகள் மட்டும் இல்லை, அதன் படிக அமைப்பும்தான். ஓர் அலகுக் கூட்டில் 32 ஆக்சிஜன் அணுக்கள். அவற்றுக்கு இடையே உலோக அணுக்கள் உட்காரக்கூடிய இடம் 96. அதில் நிரம்பியிருப்பது 24 மட்டும். மீதி 72 காலி. இடிபட்ட அணு ஒதுங்க இடம் தாராளமாக இருக்கிறது, திரும்பி வரவும் வழி இருக்கிறது. இன்னொன்று, மெக்னீசியம் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் போய் உட்கார்ந்தாலும், அலுமினியத்தின் இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்தாலும் ஸ்பைனல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செய்து முடித்த தட்டிலேயே ஓரளவு இப்படி இடம் மாறித்தான் இருக்கும். ஆகவே பழுதுகள் பெரும்பாலும் "தவறான நாற்காலியில் உட்கார்ந்த அணு" என்ற அளவிலேயே முடிந்துவிடும். வளையங்கள் உருவானாலும் அவற்றுக்குச் சிக்கலான அடுக்கு தேவைப்படுவதால் பெரிதாக வளர்வது கடினம். 1980களின் தொடக்கத்தில் கிளினார்ட், ஹர்லி, ஹாப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் மெக்னீசியா, அலுமினா, ஸ்பைனல் மூன்றையும் நியூட்ரானில் வைத்து ஒப்பிட்டார்கள். வீக்கத்தில் ஸ்பைனல் மற்ற இரண்டையும்விட வெகுவாக நன்றாக நின்றது. அன்றிலிருந்து இணைவு உலைகளின் மின்காப்புப் பொருளாகவும் சாளரமாகவும் அதன் பெயர் அடிபடுகிறது.

ஆனால் எந்தக் கதிர்வீச்சு என்று கேட்காமல் ஸ்பைனலைத் தலையில் தூக்கி வைக்கக்கூடாது. 1990களில் ஐரோப்பாவில், நெதர்லாந்தின் பெட்டன் உலையில், அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஸ்பைனலுக்குள் வைத்து எரித்துப் பார்த்தார்கள். வில்லை கன அளவில் 18 சதவீதம் வீங்கியது. வெளியிலிருந்து வரும் நியூட்ரான் வேறு, உள்ளேயே ஆல்ஃபா சிதைவில் உருவாகிச் சேரும் ஹீலியம் வேறு. அணுக்கரு பிளக்கும்போது தெறிக்கும் துணுக்குகள் போன்ற கனமான, வேகமான அயனிகளும் ஸ்பைனலின் படிக ஒழுங்கைக் கலைத்துவிடும்.

சரி, செய்முறை.

எல்லாம் பொடியில்தான் ஆரம்பம், பாதிக்கு மேல் அங்கேயே முடிவும் ஆகிவிடுகிறது. முதன்மைத் துகள் 100 நானோமீட்டருக்குள் இருக்கும், தூய்மை 99.99 சதவீதத்தை ஒட்டிய ஸ்பைனல் பொடி வேண்டும். படிகாரக் கரைசல்களிலிருந்து செய்யும் பொடிகள் நன்றாக வரும், ஆனால் மிச்சமிருக்கும் கந்தகத்தைக் கவனிக்க வேண்டும். துளைகள் மூடிய பிறகு அது வாயுவாகக் கிளம்பினால் உள்ளே மாட்டிக்கொள்ளும். துகள் அளவைவிட முக்கியம் கட்டி. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியான கட்டியானால், சுடும்போது கட்டி முதலில் தன்னைச் சுருக்கிக்கொண்டு சுற்றிலும் பெரிய இடைவெளியை விட்டுவிடும். அந்த இடைவெளி பிறகு மூடாது. கட்டியை உடைக்க ஆல்கஹாலில் போட்டு உருளை ஆலையில் அரைப்பார்கள். இங்கேதான் கதிர்வீச்சு வேலைக்கென்று தனிக் கவனம். கோபால்ட் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடு குண்டுகளை ஒருபோதும் போடாதீர்கள். தேய்மானத்தில் கலக்கும் கோபால்ட் நியூட்ரானை விழுங்கிக் கோபால்ட்-60 ஆகிவிடும். சாளரமே கதிரியக்கப் பொருளாகிவிடும். உயர்தூய்மை அலுமினா குண்டுகள், பாலியூரித்தேன் உட்பூச்சுள்ள ஜாடி போதும். இரும்பும் ஆகாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது அச்சில் அழுத்துவது. எஃகு அச்சில் மெதுவாக அழுத்தி வடிவம் கொடுத்து, பிறகு ரப்பர் உறையில் போட்டு நீர்ம அழுத்தத்தில் 200 முதல் 400 மெகாபாஸ்கல் வரை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவார்கள். சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒரு வெள்ளை வில்லை கிடைக்கும். முழு அடர்த்தியில் பாதியளவு இருக்கும். இங்கே அடர்த்தியைவிடச் சீர்மைதான் பெரிது. வில்லைக்குள் எல்லா இடத்திலும் துளைகள் ஒரே அளவில் சின்னதாக இருந்தால், ஒரே நேரத்தில் ஒரே வெப்பத்தில் எல்லாம் சேர்ந்து மூடும். பருத்தித் துணியிலிருந்து ஒரு நூலிழை பொடியில் விழுந்தால்கூடப் போச்சு: சூளையில் இழை எரிந்துபோகும், அதன் வடிவத்தில் ஒரு பள்ளம் நின்றுவிடும், பாலிஷ் போட்டதும் மயிரிழை போல வெள்ளைக் கீற்றாகத் தெரியும். இந்த வேலை நடக்கும் இடங்களில் சூளைக்குச் செலவழிப்பதைவிடத் தூசிக்கு அதிகம் பயப்படுவார்கள்.

சுடுவதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. மூன்றும் சமம் இல்லை என்பது என் கருத்து.

முதல் வழி இரண்டு கட்டம். காற்றிலோ வெற்றிடத்திலோ சுட்டு அடர்த்தியை 95 முதல் 97 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் துளைகள் வெளிப்பரப்போடு தொடர்பு அறுந்து தனித்தனியாக மூடியிருக்கும். பிறகு ஆர்கான் வாயுவில் 150, 200 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் வைத்து மறுபடி சூடாக்குவது. இதை ஹிப் என்பார்கள். துளைகள் மூடாமல் வெளியோடு தொடர்பில் இருந்தால் ஆர்கான் உள்ளேயே புகுந்துவிடும், நசுக்க ஆள் இருக்காது. அதற்காக முதல் கட்டத்தில் அதிகமாகச் சுட்டுவிட்டால் மணி வளர்ந்து துளை உள்ளே மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஜன்னல் சில பத்து டிகிரிதான். பொடி நன்றாக இருந்தால் முழுச் செயல்முறையும் 1300 டிகிரி செல்சியஸை ஒட்டியே முடிந்து, மணி அரை மைக்ரான் அளவிலேயே நிற்கும். ஜெர்மனியில் டிரெஸ்டனிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனக் குழு கவசத்துக்காக இப்படி நுண்மணி ஸ்பைனலைச் செய்து காட்டியது. கதிர்வீச்சு வேலைக்கு நான் சிபாரிசு செய்வதும் இதைத்தான். ஹைதராபாத்திலுள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையமும் ஒளி ஊடுருவும் ஸ்பைனலில் பல வருடங்களாக வேலை செய்துவருகிறது.

இரண்டாவது, லித்தியம் ஃபுளோரைடு சேர்த்து கிராஃபைட் அச்சில் சூட்டோடு அழுத்துவது. பெரிய தட்டுகளுக்குப் பழைய, நம்பகமான வழி. லித்தியம் ஃபுளோரைடு 850 டிகிரியை ஒட்டி உருகி, துகள்கள் வழுக்கி நெருங்க உதவும். அச்சிலிருந்து வரும் கரியையும் ஓரளவு துடைக்கும். பிறகு ஆவியாகி வெளியேற வேண்டும். துளைகள் மூடும் முன் போய்விட வேண்டும், அதனால் முழு அழுத்தத்தையும் கொடுக்காமல் இடையில் நிறுத்திக் காத்திருப்பார்கள். இதில் மணி பத்து மைக்ரானைத் தாண்டிச் சுலபமாக வளர்ந்துவிடும், எல்லைகளும் பலவீனமாகும். நியூட்ரான் இருக்கும் இடத்துக்கு என்றால் இன்னொரு கேடும் சேரும். இயற்கை லித்தியத்தில் ஏறத்தாழ ஏழரை சதவீதம் லித்தியம்-6. அது நியூட்ரானை ஆசையாக விழுங்கி ஹீலியமாகவும் டிரிட்டியமாகவும் உடையும். எல்லைகளில் மிச்சமிருக்கும் லித்தியம், எல்லைகளிலேயே வாயுக் குமிழி வைக்கும். வடிகாலிலேயே அடைப்பு. ராக்கெட் மூக்குக்கும் கவசத்துக்கும் நல்ல வழி, உலைக்குள் வைக்கும் சாளரத்துக்கு இல்லை.

மூன்றாவது, ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங். கிராஃபைட் அச்சு வழியாகவே மின்சாரம் பாய்ச்சி நிமிடங்களில் சூடாக்கி அழுத்துவது. மணியைச் சின்னதாக வைக்க இதைப்போல வசதி வேறில்லை. ஜப்பானில் சுகுபாவில் நடந்த ஆய்வுகள் ஒரு சுவாரஸ்யமான விஷயத்தைக் காட்டின: இந்தக் கருவியின் பெருமையே வேகம்தான், ஆனால் ஸ்பைனலுக்கு மெதுவாகச் சூடாக்கினால்தான் தெளிவு வருகிறது. நிமிடத்துக்கு நூறு டிகிரி என்று ஏற்றினால் துளைகள் மாட்டிக்கொள்ளும், கரி வாயுவும் உள்ளே அடைபடும். தட்டு சாம்பல் நிறத்தில் வெளியே வரும். காற்றில் ஆயிரம் டிகிரி அளவில் மறுபடி சூடாக்கினால் ஆக்சிஜன் குறை சரியாகி வெளுக்கும். ஆனால் கரி வாயுவாகி அழுத்தம் கூடினால் மூடிய துளைகள் மறுபடி உப்பி, தெளிவு முன்னைவிடக் கெடலாம். நல்ல தட்டு மறு சூட்டில் பால் போல ஆவதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

எந்த வழியானாலும் கடைசியில் இரண்டு பக்கமும் வைரப் பொடியில் பாலிஷ். அதன்பின் எல்லோரும் செய்யும் காரியம், தட்டை அச்சடித்த தாளின் மேல் வைத்து "பார், எழுத்து தெரிகிறது" என்று படம் எடுப்பது. அந்தப் படத்தை நம்பாதீர்கள். தாளோடு ஒட்டி வைத்தால் ஒளி கசியும் தட்டில்கூட எழுத்து தெரியும். தட்டை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குங்கள். அப்போதும் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால்தான் அது ஊடுருவும் தட்டு. எழுத்து கரைந்து வெள்ளையானால் உள்ளே துளை இருக்கிறது. அளக்கும்போதும் சிதறி வரும் ஒளியைச் சேர்க்காத, நேர் ஒளியை மட்டும் எடுக்கும் எண்தான் கணக்கு.

இனி நிறத்துக்கு வருகிறேன். காமா கதிர் அணுக்களை நியூட்ரான் போல இடித்துத் தள்ளுவதில்லை. பெரும்பாலும் எலக்ட்ரான்களைக் கழற்றிவிடுகிறது. கழன்ற எலக்ட்ரான் எங்கேயாவது சிக்கும், அது விட்டுப்போன இடத்தில் உண்டான எலக்ட்ரான் குறை வேறெங்காவது சிக்கும். ஆக்சிஜன் இல்லாத காலியிடத்தில் எலக்ட்ரான் சிக்கினால் உருவாகும் மையம் ஸ்பைனலில் 235 நானோமீட்டரை ஒட்டிய புறஊதாவில் உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த எலக்ட்ரான் குறை, இடம் மாறி உட்கார்ந்த மெக்னீசியத்துக்கோ உலோகக் காலியிடத்துக்கோ பக்கத்தில் சிக்கினால், உறிஞ்சல் 400 நானோமீட்டரை ஒட்டி வரும். நீலம் குறைந்து தட்டு மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். நியூட்ரானுக்கு எதிராக ஸ்பைனலைக் காப்பாற்றிய அதே தாராள குணம், அணுக்கள் இடம் மாறி உட்காருவதை அனுமதிப்பது, காமா கதிருக்கு எதிராகப் பொறிகளை அள்ளிக் கொடுக்கிறது. இதில் மணி அளவு என்ன செய்யும்? எலக்ட்ரான் சிக்குவதற்கு எல்லை வரை போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே பொறி இருக்கிறது. மணியை எவ்வளவு சிறிதாக்கினாலும் பழுப்பு நிற்காது. சொல்லப்போனால் எல்லைகளில் அழுக்கு சேர்ந்திருந்தால் நுண்மணித் தட்டு கூடுதலாகவே நிறம் மாறும். இரும்பு ஆகாது என்றது இதற்குத்தான்: பத்து லட்சத்தில் சில பங்கு இரும்போ குரோமியமோ இருந்தாலும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குரோமியம் வேறு 690 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பாக ஒளிரும். இணைவு உலையின் பிளாஸ்மாவின் ஒளியை அளக்க வைத்த சாளரம் தானே ஒளிர்ந்தால் அளவை எப்படி நம்புவது?

நிற மாற்றத்துக்கு மருந்து தூய்மை, ஆக்சிஜன் குறையில்லாமல் காற்றில் பதப்படுத்துவது, பயன்பாட்டில் சூடாக வைப்பது. சில நூறு டிகிரியில் சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு நிறம் பெரும்பாலும் போய்விடும். உலைக்குள் சாளரம் சூடாக இருப்பது இந்த விதத்தில் வரம்தான்.

காமா மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம். கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் வேக ஈனுலையின் எரிபொருளைப் பரிசோதிக்கும் கதிர்க்காப்பு அறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட அறைகளின் சாளரத்தில் ஈயக் கண்ணாடிதான் காமாவைத் தடுக்கும். கதிர் நேரடியாகப் படும் உள்பக்கத்துக்கு சீரியம் சேர்த்த கண்ணாடி வைப்பது உலகெங்கும் வழக்கம். சீரியம் எலக்ட்ரானைத் தானே வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நிறம் உருவாகாமல் பார்த்துக்கொள்ளும். பெரிய தடிமனில், மலிவாக, செய்து பழகிய பொருள். நியூட்ரானும் வெப்பமும் இயந்திரச் சுமையும் சேர்ந்து வரும் இடத்தில்தான் செராமிக் தன் விலைக்கு நியாயம் செய்யும்.

மணி எவ்வளவு சிறிதாக வேண்டும்? எல்லையின் அகலத்தை ஒரு நானோமீட்டர் என்று வைத்தால், அரை மைக்ரான் மணியில் பொருளின் 0.6 சதவீதம் எல்லை. 30 நானோமீட்டரில் அது பத்து சதவீதம். அவ்வளவு சிறியதைச் செய்ய முடியுமா என்றால் முடியும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 2014இல் ஜிகாபாஸ்கல் அளவு அழுத்தத்தில், ஆயிரம் டிகிரிக்கும் குறைவான வெப்பத்தில், 28 நானோமீட்டர் மணியுள்ள தெளிவான ஸ்பைனலைச் செய்தது. கடினத்தன்மையும் வெகுவாகக் கூடியது. கதிர்வீச்சுப் பக்கமும் ஆதரவு உண்டு: ஸ்பைனலின் உறவான மெக்னீசியம் கேலேட்டில், பெரிய மணி ஒழுங்கு குலைந்துபோகும் அளவு அயனி மோதலுக்குப் பிறகும், பத்து நானோமீட்டரை ஒட்டிய மணிகள் படிகமாகவே நின்றன என்று 2007இல் வெளிவந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அழுத்தத்தில் கிடைப்பது சின்னச் சின்ன வில்லைகள். தவிர, அவ்வளவு நுண்ணிய மணி வெப்பத்தில் சும்மா இருக்காது, கதிர்வீச்சே மணியை வளரவைக்கும். நானோ ஆக்சைடுகள் பலவற்றில் அயனி மோதலால் மணி வளர்வதைப் பார்த்திருக்கிறார்கள். நூறு நானோமீட்டருக்குக் கீழே போவதற்கு இப்போதைக்கு ஆராய்ச்சி மதிப்புதான் அதிகம். சாளரமாகப் பயன்பட வேண்டும் என்றால் 300 முதல் 500 நானோமீட்டர், சுத்தமான எல்லைகள், துளை பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் நன்றாகக் கீழே. நான் குறி வைப்பது அங்கேதான்.

கல்லூரி ஆய்வகத்தில் முடியுமா? பொடியை நீங்களே தயாரிக்க முயலாமல் வாங்கிக்கொண்டால் முடியும். நீர்ம அழுத்தமும், 1500 டிகிரி போகும் சுத்தமான காற்றுச் சூளையும் இருந்தால் 97 சதவீதம் வரை உங்கள் வேலை. ஹிப் வசதி இருக்கும் ஆய்வு மையத்துக்கு வில்லைகளை அனுப்புவதுதான் மிச்சம். அனுப்பும் முன் ஆர்க்கிமிடிஸ் முறையில் எடை போட்டு, திறந்த துளை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்த துளையோடு போனது வெள்ளையாகவேதான் திரும்பி வரும். கதிர்வீச்சுச் சோதனைக்கு முதலில் கோபால்ட்-60 காமா அறை போதும், நியூட்ரானுக்கு அவசரமில்லை. கதிர் படுவதற்கு முன்பும் பின்பும் 200 முதல் 800 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சலை அளந்து கழித்துப் பாருங்கள். கதிர் பட்ட தட்டை வெளிச்சத்தில் வைத்திருந்தால் நிறம் தானாகக் கொஞ்சம் வெளுக்கும். கறுப்பு உறையில் போட்டு, எடுத்து எவ்வளவு நேரத்துக்குள் அளந்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். ஒப்பீட்டுக்கு அதே பொடியில் பெரிய மணியாக வளர்த்த ஒரு தட்டும், ஒற்றைப் படிகத் துண்டும் பக்கத்தில் வேண்டும். இல்லாவிட்டால் வந்த நிறம் மணியால் வந்ததா, அழுக்கால் வந்ததா என்று வைவாவில் யாராவது கேட்டால் பதில் இருக்காது.